சிரங்குக்கு ஒரு பழைய மாத்திரை: தங்குவிடுதிகளில் நடக்க வேண்டிய சோதனை

சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளை மேம்படுத்த மனிதவள அமைச்சு 2030, 2040 என இரு காலக்கெடுக்களை வகுத்திருக்கிறது. நெருக்கமான அறைகளில் ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்குத் தொற்றும் சொறிசிரங்கு அந்த ஆண்டுகள்வரை காத்திருக்காது. வேறு நோய்களுக்காகக் கண்டறியப்பட்டு, பல கோடிப் பேர் உட்கொண்டு பழகிய சில மருந்துகள் இந்த நோயையும் அடக்கும் என்பதற்கு உலகின் பிற பகுதிகளில் நல்ல சான்றுகள் கிடைத்துள்ளன. அவற்றைச் செம்பவாங் முதல் துவாஸ் வரையிலான தங்குவிடுதிகளில் முறையாகச் சோதித்துப் பார்க்கும் திறன் சிங்கப்பூரிடம் இருப்பதால், அந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்குத் தக்க காரணம் எதுவும் இல்லை.

நோயின் இயல்பு

சொறிசிரங்கை உண்டாக்குவது, பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தென்படாத ஓர் உண்ணி. அரை மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாத அதன் பெண், தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இட்டபடி நான்கு முதல் ஆறு வாரங்கள் வாழ்கிறது. மூன்று நான்கு நாள்களில் பொரியும் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முதிர்ந்து, அதே உடலிலோ அருகில் படுத்திருப்பவர் உடலிலோ புதிய வளைகளைத் தோண்டத் தொடங்குகின்றன.

ஒருவர் உடலில் பொதுவாகப் பத்துப் பதினைந்து உண்ணிகளே இருக்கும் என்றாலும், அவற்றையும் அவற்றின் முட்டைகளையும் கழிவுகளையும் எதிர்த்து உடல் காட்டும் ஒவ்வாமை காரணமாக விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் தாங்க முடியாத அரிப்பு எழுகிறது. இரவில் அது மேலும் கூடுகிறது. முதன்முறை தொற்றியவருக்கு இந்த ஒவ்வாமை உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் அவருக்கு எந்த உபாதையும் இராது. ஆயினும் அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவிக்கொண்டிருக்கும். சொறிசிரங்கைக் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன: அரிக்கிறது என்று மருத்துவரிடம் வருபவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால், இன்னும் அரிப்புத் தொடங்காத அறைத்தோழரிடமிருந்து அவருக்கே நோய் திரும்பி வரும்.

அரிப்போடு முடிந்துவிடும் நோயாகவும் இதைக் கருத முடியாது. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் புகுந்து சீழ்க்கட்டிகளை உண்டாக்குவதோடு, சிலருக்குச் சிறுநீரக அழற்சி வரையிலும் கொண்டுசெல்கின்றன. முதியோரிடமும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களிடமும் ஆயிரக்கணக்கான உண்ணிகள் பெருகித் தோல் பொருக்குத் தட்டிப்போகும் கடும் வகை ஒன்று உண்டு. தாதிமை இல்லம் ஒன்றில் அத்தகைய ஒரு நோயாளி இருந்தாலே தாதியர் உட்படப் பலருக்கும் நோய் பரவிவிடும். உலகில் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் 20 கோடிக்கு மேற்பட்டோர் சொறிசிரங்கால் துன்புற்றுக்கொண்டிருப்பார்கள் என்று மதிப்பிட்டுள்ள உலகச் சுகாதார நிறுவனம், 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நெருக்கமான அறையும் களிம்பும்

பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்கென 1938இல் பெரிய கப்பல்துறை திறக்கப்பட்ட காலந்தொட்டுத் தமிழர்களும் மலையாளிகளும் கூலி உழைப்புக்காக வந்து குடியேறிய செம்பவாங்கில், இன்று அட்மிரல்ட்டி ரோடு வெஸ்ட் ஓரமாக எழுந்துள்ள தங்குவிடுதிகளில் தமிழ்நாடு, பங்ளாதேஷ், மியன்மார், சீனா ஆகிய இடங்களிலிருந்து வந்த ஊழியர்கள் வசிக்கிறார்கள். 2021இல் அறிவிக்கப்பட்ட புதிய தரநிலைகளின்படி இனிக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டராவது இடம் வேண்டும், கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. எனினும் பழைய விடுதிகள் இத்தரத்தை முழுமையாக எட்ட 2040வரை அவகாசம் பெற்றுள்ளன. 12 பேர் சேர்ந்து உறங்கும் அறையும் இந்த உண்ணிக்குப் போதுமான அளவு நெருக்கமான அறைதான்.

இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படுவது ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. இது உண்ணியின் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நல்ல மருந்து. சரியாகப் பூசிக்கொண்டவர்கள் குணமடைகிறார்கள். ஆனால் சரியாகப் பூசுவது என்பது, கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகக்கண்ணையும் தொடையிடுக்கையும் விடாமல் தடவி, எட்டு முதல் 14 மணி நேரம் கழுவாமல் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அவ்வாறே செய்வதாகும். முதுகில் பூச இன்னொருவர் கை வேண்டும். அறையில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொண்டு, உடுத்திய துணியையும் படுக்கை விரிப்பையும் அன்றே கொதிநீரில் துவைக்க வேண்டும். துவைக்க இயலாதவற்றைப் பையில் கட்டி மூன்று நாள்களாவது ஒதுக்கிவைக்க வேண்டும். பாதிப் பேர் பகல் நேர வேலைக்கும் மீதிப் பேர் இரவு நேர வேலைக்கும் போகிற ஓர் அறையில், அரிப்பே இல்லாதவரும் இத்தனையையும் செய்வார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் பெர்மெத்ரினுக்கு உண்ணிகள் பணியாமல் போவதாக மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் எழுதி வருவதும் கவலையைக் கூட்டுகிறது.

இதன் விளைவை அனுபவிப்பவர் ஊழியரே. இரவெல்லாம் சொறிந்து உறக்கம் கெட்டவர் மறுநாள் சாரத்தின் மேல் ஏறியோ கப்பல் தொட்டிக்குள் இறங்கியோ வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சொன்னால் அறையிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நோயை மறைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பையோ நண்பர் கொடுத்த களிம்பையோ தடவிக்கொள்பவர்கள் ஓர் ஆபத்தை அறிவதில்லை: அத்தகைய கலவைக் களிம்புகள் பலவற்றில் உள்ள ஸ்டீராய்டு, அரிப்பைத் தற்காலிகமாக அடக்கி, நோயின் அடையாளங்களை மாற்றிவிடுகிறது, உண்ணிகளோ கீழே பெருகிக்கொண்டே போகின்றன. செம்பவாங் வெந்நீர் ஊற்றில் தோல் நோய் தீரும் என்ற நம்பிக்கையோடு வருபவர்களும் உண்டு. கந்தகக் களிம்பு சிரங்குக்குப் பழங்காலம் முதலே மருந்தாக இருந்து, கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்றளவும் தரப்படுவதால் அந்நம்பிக்கைக்கு ஒரு பின்னணி இருக்கலாம்; ஆனால் கால் நனைக்கும் வெந்நீர் தோலுக்குள் வளை தோண்டியிருக்கும் உண்ணியைக் கொல்வதில்லை.

மண்ணிலிருந்து வந்த மாத்திரை

ஜப்பானின் ஷிஸுவோக்கா மாநிலத்தில் கவானா என்னும் ஊரின் மண்ணிலிருந்து சத்தோஷி ஓமுரா பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து, மெர்க் நிறுவனத்தின் வில்லியம் கேம்பலும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஐவர்மெக்டின், 1980களின் தொடக்கத்தில் கால்நடைகளின் புழுக்களை ஒழிக்கும் மருந்தாகவே சந்தைக்கு வந்தது. ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் மக்களைக் குருடாக்கிவந்த ஆற்றுக்குருடு நோயை அது தடுக்கும் என்று தெரிந்ததும், 1987 முதல் அந்நிறுவனம் அந்த நோய்க்கு அதை இலவசமாக வழங்கி வருகிறது. இருவருக்கும் 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. பூச்சி, புழு, உண்ணி ஆகியவற்றின் நரம்பிலும் தசையிலும் உள்ள, மனித உடலில் இல்லாத ஒரு வாயிலை இம்மருந்து திறந்துவிட்டு அவற்றை முடக்குகிறது. சரியான அளவில் மனிதருக்குத் தீங்கு அரிதாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

சிரங்குக்கும் இது உதவுமா என்ற கேள்வி 1990களிலேயே எழுந்து, சிறு சோதனைகள் நல்ல பலனைக் காட்டின. ஆனால் கேள்வியின் வடிவத்தையே மாற்றியது ஃபிஜித் தீவுகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு. அங்கு நோயாளியைத் தேடி மருந்து கொடுப்பதற்கு மாறாக, நோய் உள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடின்றி ஊர் முழுவதற்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஐவர்மெக்டின் பெற்ற தீவுச் சமூகத்தில் 32.1 விழுக்காட்டினரிடம் இருந்த சிரங்கு, ஓராண்டில் 1.9 விழுக்காடாகச் சரிந்தது. ஊர் முழுவதும் பெர்மெத்ரின் பெற்ற இடத்தில் அது 41.7இலிருந்து 15.8ஆகவும், நோயாளிக்கும் அவருடன் பழகியவர்களுக்கும் மட்டும் வழக்கம்போல் களிம்பு தந்த இடத்தில் 36.6இலிருந்து 18.8ஆகவும்தான் குறைந்தது. மாத்திரை பெற்றவர்களிடம் சீழ்ப்புண்களும் பெரிதும் குறைந்தன. எல்லாருக்கும் களிம்பு கொடுத்தும் எட்ட முடியாத நிலையை மாத்திரை எட்டியதற்கு, விழுங்குவது எளிது, பூசுவது கடினம் என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஐவர்மெக்டினைச் சிரங்குக்கும் உரியதாகச் சேர்த்துக்கொண்டது.

ஐவர்மெக்டினுக்கும் ஒரு குறை உண்டு. அது உண்ணியைக் கொல்கிறதேயன்றி முட்டையைக் கொல்வதில்லை. உடலிலிருந்து சில நாள்களில் நீங்கியும் விடுகிறது. ஆகவே, 60 கிலோ எடையுள்ளவர் மூன்று மில்லிகிராம் மாத்திரைகள் நான்கை விழுங்கியபின், ஒன்று இரண்டு வாரங்கள் கழித்து மறுபடியும் அதே அளவை விழுங்க வேண்டும். இங்குதான் இதன் நெருங்கிய உறவான மாக்ஸிடெக்டின் கவனத்துக்கு உரியதாகிறது. இதுவும் கால்நடை மருந்தாக இருந்து, ஆற்றுக்குருடு நோய்க்காக ஆஸ்திரேலியாவின் லாபநோக்கற்ற நிறுவனம் ஒன்றின் முயற்சியால் 2018இல் அமெரிக்காவில் மனிதருக்கு அனுமதி பெற்றது. உடலில் வாரக்கணக்கில் தங்குவதால், முட்டையிலிருந்து பின்னர் வெளிவரும் குஞ்சுகளையும் ஒரே வேளை மருந்து பிடித்துவிடும் என்ற எதிர்பார்ப்பு உள்ளது. சிரங்கு பிடித்த பன்றிகளில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகள் அந்த எதிர்பார்ப்பை வலுப்படுத்தின. பயிர்ப் பூச்சிகளுக்கும் பிறகு தலைப்பேனுக்கும் பயன்பட்ட ஸ்பினோசாட் 2021இல் அமெரிக்காவில் சிரங்குக்கு அனுமதி பெற்றதும், புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட மில்டெஃபோசின் 2002இல் இந்தியாவில் காலா அசார் நோய்க்கும் பின்னர் மணல் ஈக்கள் பரப்பும் லீஷ்மேனியா தோல் புண்களுக்கும் மருந்தானதும் இதே பாதையில் நடந்தவை.

புதிய மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிடப் பழைய மருந்துக்குப் புதிய பயன் தேடுவது விரைவானது, செலவு குறைந்தது. ஆனால் காப்புரிமைக் காலம் முடிந்த மருந்தை ஏழைகளின் நோய்க்காகச் சோதிக்க எந்த மருந்து நிறுவனத்துக்கும் வணிகக் காரணம் இல்லை. அந்த இடத்தை அரசாங்கமும் பொது நிதியும்தான் நிரப்ப முடியும்.

துவாஸில் 2020இல் நடந்தது

சிங்கப்பூரின் தங்குவிடுதிகளில் பழைய மருந்தைச் சோதிப்பது புதிய செயலன்று. கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், துவாஸ் சவுத் தங்குவிடுதியில் 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்கேற்ற சோதனை ஒன்று நடந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின், தொண்டையில் தெளிக்கும் போவிடோன் அயோடின், துத்தநாகமும் வைட்டமின் சியும் சேர்ந்த கலவை ஆகியவற்றை வைட்டமின் சி மட்டும் பெற்ற குழுவோடு ஒப்பிட்டு, கிருமித் தொற்றைத் தடுக்குமா என்று ஆராய்ந்தார்கள். மருந்துகள் மாடி மாடியாகப் பிரித்தளிக்கப்பட்டன. ஐவர்மெக்டின் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை.

அந்தச் சோதனையிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, ஆய்வுக்கூடக் குப்பியில் கிருமியைக் கொல்லும் மருந்து மனித உடலிலும் கொல்லும் என்று கருதிவிடக்கூடாது. ஐவர்மெக்டின் கொவிட்டுக்கு அருமருந்து என்ற வதந்தி 2021இல் பரவியபோது, சுகாதார அறிவியல் ஆணையம் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத, புழுத்தொற்றுக்குரிய மருந்து என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. பிரேசிலில் நடந்த பெரிய சோதனையும் 2022இல் அதனால் பயனில்லை என்றே காட்டியது. மருந்தின் மேல் அன்று படிந்த அவப்பெயர், சிரங்குக்கு அதற்குள்ள உண்மையான பயனையும் மறைத்துவிடக்கூடாது என்பதால் இதை இங்கு விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. நாடு முழுவதையும் அச்சுறுத்திய நோய் என்றதும் சில வாரங்களில் மருத்துவர்கள், மருந்து, நெறிமுறை ஒப்புதல், பதிவேடு, மொழிபெயர்ப்பு அனைத்தும் ஒரு தங்குவிடுதிக்குள் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் ஊழியர்களையே துன்புறுத்தும் ஒரு நோய்க்கும் அதே முனைப்பைக் காட்டுவது நியாயத்தின்பாற்பட்டது. இந்த நகரின் கட்டடங்களை எழுப்பியவர்களின் தோல், அவற்றுக்குள் வாழ்பவர்களின் நுரையீரலைவிட மதிப்புக் குறைந்ததாகிவிடாது.

ஃபிஜியின் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது, அதனால்தான் இங்கு தனிச் சோதனை வேண்டும். தீவுக்கு வந்துபோவோர் குறைவு. தங்குவிடுதிக்கோ ஒவ்வொரு வாரமும் புதியவர் வருகிறார், பழையவர் வேறு விடுதிக்கு மாறுகிறார். நோயற்ற அறையாக ஆக்கப்பட்ட ஒன்று எத்தனை மாதம் அப்படியே நீடிக்கும் என்பதை ஃபிஜி சொல்ல இயலாது. அங்கு மூன்றில் ஒருவருக்கு நோய் இருந்ததால் எல்லாருக்கும் மருந்து தருவது பொருத்தமாயிற்று. இங்கு ஓர் அறைக்கா, ஒரு மாடிக்கா, ஒரு கட்டடத்துக்கா என்பதை உள்ளூர்க் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். தேவைக்கு மேல் வழங்குவதும் தவறு: ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பொருக்குச் சிரங்குக்காகப் பலமுறை ஐவர்மெக்டின் பெற்ற நோயாளிகளிடம், அதற்குப் பணியாத உண்ணிகள் தோன்றியது பதிவாகியுள்ளது.

சாதகமான ஒன்றும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் தரப்படாத இம்மருந்து, வயதுவந்த ஆண்களே வாழும் விடுதிகளில் அந்தத் தயக்கங்களுக்கு இடம் தருவதில்லை. தெற்காசியக் கிராமங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் குடலில் பல்லாண்டுகள் சத்தமின்றித் தங்கிவிடும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழுவையும் இதே மாத்திரை ஒழிக்கும். சயாம்-பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகளிடம் அந்தப் புழு பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் காணப்பட்டது மருத்துவ வரலாற்றில் உள்ளது.

செய்யத்தக்கவை

முதலில் வேண்டியது கணக்கு. சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய்களில் சொறிசிரங்கு இல்லாததால், எந்த விடுதியில் எத்தனை பேர் என்ற முழு விவரம் ஓரிடத்தில் திரள்வதில்லை. 2022 முதல் ஊழியர்களுக்கான ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் இயங்கும் மருத்துவ நிலையங்கள், பெயர் நீக்கிய எண்ணிக்கையை அறைவாரியாகவும் மாதவாரியாகவும் சுகாதார அமைச்சுக்கு அனுப்புவது பெரிய சுமையாக இராது. அந்நிலையங்களில் ஊழியர் செலுத்தும் ஐந்து வெள்ளிக் கட்டணம் சிரங்குக்கு விலக்கப்பட்டால், அறைத்தோழர் அனைவரும் தயக்கமின்றி வருவார்கள். நோய் மறைக்கப்படுவதும் குறையும்.

அடுத்து, தேசியத் தோல் நிலையமும் தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையமும் சேர்ந்து, தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நிதியோடு, செம்பவாங்கிலும் துவாஸிலும் உள்ள சில விடுதிகளில் மாடிவாரியான சோதனையைத் தொடங்கலாம். ஒரு பகுதி மாடிகளில் அறை முழுவதற்கும் பெர்மெத்ரின், இன்னொரு பகுதியில் இரண்டு வேளை ஐவர்மெக்டின், உரிய அனுமதி கிடைத்தால் மூன்றாவதில் ஒரே வேளை மாக்ஸிடெக்டின் என்று கொடுத்து, மூன்று மாதமும் ஆறு மாதமும் கழித்து எத்தனை பேருக்கு நோய் உள்ளது, எத்தனை பேருக்குச் சீழ்ப்புண் வந்தது, எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டது, எத்தனை நாள் வேலை இழப்பு என்பவற்றை ஒப்பிட வேண்டும். உறக்கத்தைக் கணக்கில் சேர்ப்பது இங்கு அவசியம். ஊழியரின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

வேலை அனுமதி முதலாளியோடு பிணைந்திருக்கும் ஒருவர், முதலாளியின் ஆள் அருகில் நிற்கும்போது ‘சம்மதம்’ என்று சொல்வதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. ஆகவே ஒப்புதல் பெறும் உரையாடல், தமிழ், வங்காளம், பர்மியம், மாண்டரின் ஆகியவற்றில், முதலாளியோ விடுதி நடத்துநரோ இல்லாத இடத்தில், எழுத்தறிவு குறைந்தவருக்கும் விளங்கும் பேச்சில் நடைபெற வேண்டும். மறுப்பவருக்கு வழக்கமான சிகிச்சை குறைவின்றித் தரப்பட வேண்டும். அவர் பெயர் யாருக்கும் செல்லக்கூடாது. ஊழியர்களுக்கு இலவச உணவு வழங்கிவரும் டிடபிள்யூசி2, மருத்துவ உதவி அளித்துவரும் ஹெல்த்செர்வ் போன்ற அமைப்புகளின் மீது ஊழியர்களுக்கு உள்ள நம்பிக்கையை இதில் பயன்படுத்திக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் இதற்கான விளக்கக் கூட்டங்களையும் அவ்வமைப்புகளோடு சேர்ந்து நடத்தலாம்.

சோதனையின் முடிவு வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. ஓர் அறையில் ஒருவருக்கு நோய் உறுதியானால் அன்றே அறை முழுவதற்கும் சிகிச்சை, கொதிநீர்ச் சலவைக்கும் சூடான உலர்த்திக்கும் கட்டணமின்மை, சிகிச்சை நாளுக்குச் சம்பளத்தோடு ஓய்வு ஆகியவற்றை விடுதி உரிமத்தின் நிபந்தனைகளாக மனிதவள அமைச்சு இப்போதே சேர்க்கலாம். தாதிமை இல்லங்களுக்கும் இதே விதி பொருந்தும்.

சோதனையில் மருந்து பயனளித்தாலும் அளிக்காவிட்டாலும் முடிவுகள் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். சென்னை, டாக்கா, கொழும்பு ஆகிய நகரங்களில் இதே நோயோடு போராடும் மருத்துவர்களுக்கும் அவை பயன்படும். அதற்கு முன்பாக, மாத்திரையை விழுங்கிச் சோதனைக்கு உடன்பட்ட ஊழியர்களுக்கு, அவர்களுடைய விடுதிகளிலேயே, அவர்களுடைய மொழியிலேயே முடிவுகள் எடுத்துச் சொல்லப்பட வேண்டும். சோதனை நிதியில் அதற்கென ஒரு தொகை தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.